ஹஸ்கி வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு...

மே மாதம். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மதியம் இரண்டு மணி. புதுக்கோட்டையில் அந்த நேரத்துக்குத் தெருவில் மனுஷ நடமாட்டம் இருக்காது. கீழ ராஜ வீதியில் கடைக்காரர்களே படுதாவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.

திருக்கோகர்ணம் பக்கம் ஒரு மாடி வீடு. கிரில் கேட்டுக்குப் பின்னால் போர்டிகோவில் ஒரு நாய். சாம்பலும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்று முடி, நீலக் கண், ஓநாய் மாதிரி முகம். பெயர் ஸ்னோ. (ஆமாம், புதுக்கோட்டையில் ஸ்னோ!) நாலு காலையும் விரித்து, வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. நாக்கு தொங்கிப் போயிருக்கிறது. வயிறு தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரே காபி போடுகிற சூட்டில் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்: "ஏன் தம்பி, நாய்க்கு இப்படி மூச்சு இரைக்குது?"

தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார்: "அது அப்படித்தான்க்கா. அந்த ரகமே அப்படி."

இல்லை தம்பி. அந்த ரகம் அப்படி இல்லை. அந்த ரகத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிற இடம் அப்படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். புதுக்கோட்டை மாதிரி ஓர் ஊரில் ஹஸ்கி வாங்கி வளர்ப்பதை நாய்ப்பாசம் என்று சொல்ல முடியாது. அதற்குச் சரியான பெயர் போட்டோ பாசம். கோபம் வருகிறதா? வரட்டும். கோபத்தோடேயே மீதியையும் படித்துவிடுங்கள்.

அந்த முடி எதற்கு?

ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சைபீரியாவின் கடைசியில் சுக்சி என்று ஒரு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரி எல்லாம் அங்கே சாதாரணம். பனியில் சறுக்கு வண்டி இழுக்க அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த நாய்களின் வாரிசுதான் இன்றைய சைபீரியன் ஹஸ்கி. குறைந்த தீனியில், சின்ன பாரத்தை, நீண்ட தூரம், களைக்காமல் இழுக்க வேண்டும். அதுதான் அதற்கு விதித்த வேலை.

1900களின் தொடக்கத்தில் இந்த நாய்கள் அலாஸ்காவுக்குப் போயின. 1925-ல் உலகம் முழுக்கப் பேர் வாங்கின. அந்தக் குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து வர வேண்டும், விமானம் பறக்க முடியாத குளிர், கப்பல் வர முடியாமல் கடலே உறைந்து கிடக்கிறது. கிட்டத்தட்ட 1,085 கிலோமீட்டரை, 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் மாற்றி மாற்றி ஓடி ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய பால்டோவுக்குப் பெரிய பெயர் கிடைத்தது. அதைவிட நீண்ட, ஆபத்தான தூரத்தை இழுத்த டோகோவைப் பல வருஷம் கழித்துத்தான் உலகம் கண்டுகொண்டது.

இப்பேர்ப்பட்ட ஜீவனைத்தான் 'சோ க்யூட்' என்று சொல்லிப் போர்டிகோவில் கட்டிப் போடுகிறார்கள்.

அந்தக் குளிரில் அது பிழைத்திருக்கக் காரணம் உடம்பில் இருக்கிற இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. பனியும் ஈரமும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு அடியில் பஞ்சு மாதிரி மெத்தென்று அடர்ந்த அடிமுடி. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இதோடு புசுபுசு வாலும் உண்டு. பனியில் சுருண்டு படுத்து, வாலை மூக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கும். பிறக்கும்போதே கம்பளியோடு பிறந்த நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி ஆணியில் மாட்ட முடியாத கம்பளி!

சூடு எப்படி வெளியே போகும்?

இங்கே கொஞ்சம் எட்டாம் வகுப்பு அறிவியல் தேவை.

மனுஷனுக்கு வெயில் அடித்தால் உடம்பு முழுக்க வேர்க்கும். வேர்வை காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நாய்க்கு அந்த வசதி கிடையாது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். அதனால் நாக்கைத் தொங்கவிட்டு, வேகவேகமாக மூச்சுவிட்டு, வாயிலும் மூக்கிலும் இருக்கிற ஈரத்தைக் காயவைத்துத்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும்.

நாயின் சாதாரண உடம்புச் சூடு ஏறக்குறைய 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். புதுக்கோட்டையில் மே மாதப் பகல் வெப்பநிலை எவ்வளவு? அதே 38, 39. சில நாள் 40-ஐயும் தொட்டுவிடும். அதாவது வெளிக் காற்றும் உடம்பும் ஒரே சூடு. சூடான டம்ளரைச் சூடான தண்ணீரில் வைத்து ஆற்ற முடியுமா? அந்த நேரத்தில் இரைப்பு ஒன்றுதான் அதற்கு மிச்சமிருக்கிற வழி. காற்றில் ஈரப்பதம் ஏறிவிட்டால் அதுவும் சரியாக வேலை செய்யாது. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை ஊர்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அங்கே வீசுகிற புழுக்கக் காற்றில் நாக்கு ஈரம் எங்கே காயும்?

உடம்புச் சூடு 41-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு மேலே ஏற ஏற மூளை, சிறுநீரகம், கல்லீரல், குடல் எல்லாம் அடிவாங்கும். இதற்குப் பெயர் வெப்பத்தாக்கு. காலையில் குதித்துக்கொண்டிருந்த நாய் சாயங்காலம் இருக்காது. "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு செத்துப்போச்சு" என்பார்கள். திடீரென்று ஒன்றும் சாகவில்லை. மதியம் முழுக்க எல்லார் கண்ணெதிரிலும் செத்துக்கொண்டிருந்தது.

சொல்கிற சமாதானங்கள்

வாங்கினவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"ஏ.சி. ரூம்ல வெச்சிருக்கோம்ல?"

சந்தோஷம். கணக்குப் போடுவோம். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 15 யூனிட். ஈ.பி. பில் வருகிற இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். இது நாய்க்கு மட்டும். வீட்டு லைட், ஃபேன், கிரைண்டர், மோட்டார் எல்லாம் தனி. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்று வீட்டில் பில் கட்டுகிற அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். குட்டி வாங்கின விலை ஒரு தடவைச் செலவு. 12, 14 வருஷம் வாழ்கிற நாய்க்கு ஓடுகிற செலவுதான் உண்மையான செலவு. வாங்குகிற அன்றைக்கு இந்தக் கணக்கை எத்தனை பேர் போடுகிறார்கள்?

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கரண்டுக்கு எங்கே போவது? 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை மறந்துவிட்டீர்களா? பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அதுவாவது நவம்பர். மே மாதத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒரே ஒரு பகல் கரண்ட் இல்லாமல் போனால் என்ன செய்வதாக உத்தேசம்? ஒரு ஸ்விட்சை நம்பி ஓர் உயிரை வைப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. இது ஓடுவதற்கென்றே பிறந்த நாய். தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நன்றாக ஓடினால்தான் அதற்கு நிம்மதி. கோடையில் காலை ஐந்து மணியை விட்டால் அதை எப்போது ஓட வைப்பீர்கள்? சாயங்காலம் ஏழு மணிக்குக்கூடத் தார் ரோடு கொதிக்கும். மீதி நேரமெல்லாம் பத்துக்குப் பத்து அறைக்குள் அடைத்து வைத்தால் அது சோபாவைக் கிழிக்கும், கதவைப் பிராண்டும், ராத்திரியில் ஊளையிடும். (ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். தெருவில் அபசகுனம் என்று சண்டைக்கு வருவார்கள்.) உடனே "சேட்டை பண்ணுது" என்று அதற்கே அடி விழும். சிறையில் போட்டவர் கைதியைப் பார்த்து 'ஏன் சுவரில் கிறுக்குகிறாய்' என்று கேட்கிற கதைதான்.

"முடியை வெட்டிவிட்டா போச்சு!"

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை. இரட்டை முடி நாய்க்கு மொட்டையடிக்கக் கூடாது. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் ஓரளவு நிழல் கொடுக்கிறது. அதை மழித்துவிட்டால் வெளுத்த தோல் வெயிலில் நேரடியாகப் பொசுங்கும். திரும்ப முளைக்கும்போது அடிமுடி முந்திக்கொண்டு பஞ்சாக மண்டும்; மேல்முடி மெதுவாக, திட்டுத் திட்டாக வரும். சில நாய்களுக்குப் பழையபடி வராமலேகூடப் போகும். கம்பளியைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு குடையைப் பிடுங்கிப் போட்டதுதான் மிச்சம்.

"அந்த முடியே வெயிலையும் தடுக்கும்னு நெட்ல போட்டிருக்கான்."

பாதி உண்மை. மேலே சொன்ன மாதிரி நேர் வெயிலைக் கொஞ்சம் தடுக்கும்தான். ஆனால் உடம்புக்கு உள்ளே உற்பத்தியாகிற சூடு? அதையும் சேர்த்தே அந்த முடி உள்ளே பூட்டி வைக்கும். ஐஸ் பெட்டி மேல் கம்பளி போர்த்தினால் ஐஸ் கரையாது. அடுப்பு மேல் போர்த்தினால்? நாய் ஐஸ் பெட்டி இல்லை, அடுப்பு.

"இது சைபீரியாவுலேர்ந்தா வந்துச்சு? இங்கேயே பொறந்த குட்டி. பழகிடும்."

டொராண்டோவில் பிறந்த தமிழ்க் குழந்தைக்குக் குளிருக்காக உடம்பெல்லாம் கரடி மாதிரி ரோமமா முளைத்துவிடுகிறது? குட்டி எந்த ஊரில் பிறந்தாலும் அப்பா அம்மா கொடுத்த முடியோடுதான் பிறக்கும். சில வாரங்களில் உடம்பு வெயிலுக்குக் கொஞ்சம் பழகும் என்பது நிஜம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பல நூறு வருஷம் பனியில் செதுக்கிய உடம்பை ஒரு பர்த் சர்டிபிகேட் மாற்றிவிடாது.

"அப்போ பொமரேனியன் மட்டும்? தாத்தா காலத்துலேர்ந்து இருக்கே!"

நல்ல கேள்வி. எண்பது, தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு வெள்ளைப் 'பாமரேனியன்' இருந்தது. அதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிற ரகம். இந்தியாவிலேயே பல தலைமுறை பெருகிய, உருவத்தில் சின்ன நாய். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். சூடு சுலபமாக வெளியேறும். சின்ன டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடும், அண்டா காபி ஆறாது, அந்தக் கணக்கு. ஆண் ஹஸ்கி 20-லிருந்து 27 கிலோ. செயின்ட் பெர்னார்ட் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அப்புறம், அந்தப் பொமரேனியனும் சித்திரை மாதம் பாத்ரூம் ஈரத்தில்தானே போய்ப் படுத்துக்கொண்டிருந்தது? அதற்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆசை எங்கிருந்து வருகிறது?

நாய்களுக்கும் ஃபேஷன் உண்டு. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு குட்டிப் பையன் பின்னாலேயே பக் நாய் ஓடியது. அதற்கப்புறம் ஊரெல்லாம் பக். மூக்கு சப்பையாகி மூச்சுவிடத் திணறுகிற அந்த நாயின் குறட்டையைக்கூட அழகு என்றார்கள். 2011-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் வந்தது. அதில் வருகிற ராட்சத ஓநாய்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஹஸ்கி வாங்கினார்கள். வாங்கினதை வளர்க்க முடியாமல் தெருவிலும் காப்பகத்திலும் விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் 2017-ல் அந்தத் தொடரில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே, தயவுசெய்து தொடரைப் பார்த்துவிட்டு ஹஸ்கி வாங்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அது குளிர் தேசத்துக் கதை. அங்கேயே அந்த நிலைமை என்றால் இங்கே?

ஆசைப்படுகிறவர் இருந்தால் விற்கிறவரும் இருப்பார். பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கம் அது. ஒரு குட்டியைக் காசு கொடுத்து வாங்கும்போது அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஈற்றுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரிதான். எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் அந்தக் குட்டியின் அம்மா இதே வெயிலில் அடுத்த ஈற்றுக்குத் தயாராக வேண்டும். குட்டியின் போட்டோ உங்களுக்கு வரும். அம்மாவின் போட்டோ வராது. கேட்டுப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. நாய் வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெண் நாயை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. வாங்கப் போகிறவர்களில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டவர் யார்? பைக் வாங்கினால் ஆர்.சி. புக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற ஆட்கள், உயிரை வாங்கும்போது ரசீதுகூடக் கேட்பதில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்தே இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவில் முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். இரண்டு பரோட்டா விலை!

2024-ல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மாஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாந்து, சௌ சௌ என்று அடர்முடி நாய்களையும், பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற மூச்சுத் திணறல் நாய்களையும் சேர்த்து 11 ரகங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று அதில் பட்டியல் போட்டார்கள். அடர்முடி நாய்களுக்கு இந்த மண்ணின் வெப்பம் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். உடனே எதிர்ப்பும் கிளம்பியது. நாய் வளர்ப்பவர் உரிமை என்றார்கள், தொழில் பாதிக்கும் என்றார்கள். நாயின் உரிமையை யார் பேசினார்கள்? அதற்கு ஓட்டும் கிடையாது, சங்கமும் கிடையாது. அரசாங்க உத்தரவு வரும், போகும், திருத்தப்படும். தெர்மாமீட்டரில் இருக்கிற 39-ஐ யார் திருத்துவது?

வாடிவாசல் வீரம் எங்கே போச்சு?

2017 ஜனவரியை இந்த ஊர் மறந்திருக்காது. ஜல்லிக்கட்டுக்காகக் கல்லூரிப் பசங்க ராத்திரி பகலாக ரோட்டில் உட்கார்ந்தார்கள். நாட்டுமாட்டைக் காப்போம், ஜெர்சி வேண்டாம், நம்ம மண்ணுக்கேற்ற இனம்தான் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். சரியான பேச்சு. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கிற தச்சங்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விராலிமலையும் இங்கேதான். காளைக்குத் திமில் ஏன், தோல் ஏன் அப்படி, வெயிலை எப்படித் தாங்குகிறது என்று பாடம் எடுக்காத ஆளில்லை.

அதே ஆள் வீட்டு வாசலில் ஹஸ்கி! மாட்டுக்கு ஒரு நியாயம், நாய்க்கு ஒரு நியாயமா?

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நம்ம ராஜபாளையம். இமயமலை நாய்க்கு மட்டும் கழுத்தெல்லாம் அடர்ந்த முடி. சமவெளி நாய்கள் மூன்றுக்கும் முடி தோலோடு ஒட்டிக் குட்டையாக இருக்கும். அந்தந்த நாயின் உடம்பிலேயே அதன் ஊரின் தட்பவெப்பம் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இருக்கின்றன. இந்தப் பாசமும் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. திருடர்களைக் கடித்து எதிர்த்து நின்ற கோவிவன் என்ற நாயையும் வீரனோடு சேர்த்து அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயரெழுதிக் கல் வைத்த மண் இது.

உடனே "சரி, சிப்பிப்பாறை வாங்கிடுறேன்" என்று கிளம்ப வேண்டாம். அதுவும் வேட்டை நாய். காடு கரையில் ஓடிப் பழகினது. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பூட்டி வைத்தால் அதுவும் இதே பாவம்தான். ராஜபாளையத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு. வெள்ளை நிறத்துக்காகவே உறவுக்குள் உறவாக ஈன வைத்ததன் விளைவு அது. பெருமைக்காக வாங்குகிற எந்த நாயும் கடைசியில் அந்தப் பெருமையைத் தன் உடம்பில் சுமக்கும். வீட்டுக்குக் காவல், பழகத் தோழமை வேண்டும் என்றால் தெருமுனையில் நாலு குட்டி கிடக்கும். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்த்துப் பாருங்கள். சோறும் கருவாடும் போட்டாலே உயிரைக் கொடுக்கும். (ஹஸ்கி காவலுக்கும் உதவாது என்பது கூடுதல் தகவல். திருடன் வந்தால் வாலாட்டும். பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்தால் மட்டும் சுவரேறிக் குதிக்கும்.)

ஏற்கனவே வாங்கியாச்சு... இப்போ என்ன பண்ண?

வாங்கியவர் வீட்டில் இருக்கிற நாய் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதைத் தெருவில் விட்டால் அது இதையெல்லாம்விடப் பெரிய பாவம். மிச்ச காலத்துக்கு அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

- மொட்டையடிக்காதீர்கள். அடிமுடி வருஷத்துக்கு இரண்டு தடவை கொத்துக் கொத்தாக உதிரும். அந்தச் சமயத்தில் தினமும், மற்ற நாளில் வாரம் இரண்டு மூன்று தடவையாவது பல் நீண்ட சீப்பால் உதிர்ந்த அடிமுடியை வாரி எடுங்கள். செத்த முடி போனால்தான் தோலுக்குக் காற்று போகும்.

- குளிப்பாட்டினால் அடிவரை காயவையுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் தோல் வெந்து புண்ணாகும். மழைக்காலத்தில் இது அதிகம்.

- முடிக்குள் உண்ணி ஒளிந்திருக்கும். காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். மருந்தை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

- காலை ஆறு மணிக்குள் நடையை முடியுங்கள். புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வைக்கக் கூடாது.

- பகலில் கீழ்த்தளத்தில், காற்றோட்டமான அறையில் வையுங்கள். தகரக் கூரையும் மொட்டை மாடியும் கொலைக்களம். வெறும் தரையில் படுக்க விடுங்கள். பானைத் தண்ணீர் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். நிறுத்தின காருக்குள் ஐந்து நிமிஷம்கூட விடாதீர்கள்.

- குண்டாக விடாதீர்கள். கொழுப்பு இன்னொரு கம்பளி.

- விடாமல் இரைப்பு, கெட்டியான எச்சில், அடர் சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி... இதில் எது தெரிந்தாலும் வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், அடிமுடி நனைகிற அளவுக்கு. ஃபேன் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள். சூடு உள்ளேயே நிற்கும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். குளிர வைத்துக்கொண்டே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு ஒரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

- கருத்தடை செய்துவிடுங்கள். "ஒரு ஈத்து போட்டா போட்ட காசை எடுத்துடலாம்" என்று தோன்றும். அந்த ஈற்றில் வருகிற ஐந்தாறு குட்டிகளும் இன்னும் ஐந்தாறு போர்டிகோவுக்குப் போகும்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு "இவ்வளவா?" என்று யாருக்காவது மலைப்பாக இருந்தால் நல்லது. வாங்குவதற்கு முன்னால் வர வேண்டிய மலைப்பு அது.

நாயைப் பிடிக்கும் என்றால் அதற்கு என்ன பிடிக்கும் என்று கேட்கத் தெரிய வேண்டும். ஹஸ்கிக்குப் பிடித்தது பனி, ஓட்டம், கூட்டம். இந்த மூன்றில் ஒன்றைக்கூடப் புதுக்கோட்டையில் உங்களால் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாது என்று தெரிந்தும் எனக்கு வேண்டும் என்று கேட்பதற்குப் பெயர் பாசமா?

அந்தத் திருக்கோகர்ணம் வீட்டில் ஸ்னோவை இப்போது பகலில் உள்ளே விடுகிறார்களாம். பாத்ரூம் தரையில் ஈரத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம். சொல்லிக் கேட்டவர் வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு அக்காதான். நாயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்த ரகம், என்ன விலை என்பதுகூடத் தெரியாது. மூச்சு இரைக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது. உங்கள் பக்கத்து வீட்டிலும் ஒரு ஸ்னோ இருந்தால் நீங்களும் போய்க் கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

டிஸ்கி: முதலுதவி என்று மேலே சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும்தான். மருந்து மாத்திரைக்குக் கால்நடை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டு ஹஸ்கி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டவர்கள் மிச்சமான காசில் மொட்டை மாடியில் காக்கைக்கும், வாசலில் தெரு நாய்க்கும் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். புண்ணியமாப் போகும்.